வழுக்க ஆரம்பிச்சா கையை எடுங்க

கேள்வி: சைக்கிளை வீட்லயே கழட்டி சுத்தம் பண்ணலாம்னு உக்காந்தேன். தண்ணி பாட்டில் ஸ்டாண்டுல ஒரு போல்ட் வரவே இல்ல, ஆலன் கீ வச்சு திருகித் திருகி குழி வட்டமா தேஞ்சு போச்சு, இப்ப கீ சும்மா சுத்துது. அலுமினிய ஃப்ரேம். சுத்தியலால ரெண்டு தட்டு தட்டலாமா? – வாசகர், திருவான்மியூர்

பதில்: தட்டாதீங்க, அந்தக் குழாய் ரொம்ப மெல்லிசு. உங்க ஏரியா கடல்காத்து வேற. இரும்பு போல்ட், அலுமினிய ஃப்ரேம், நடுவுல உப்புத்தண்ணின்னு மூணும் சேர்ந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியாகி மரைக்குள்ள சிமெண்ட் மாதிரி பிடிச்சுக்கும். மரை ஓரத்துல துரு எடுக்குற ஸ்ப்ரே அடிச்சு ராத்திரி முழுக்க விடுங்க (டிஸ்க் பிரேக்னா அதுமேல படாம துணி போட்டு மூடிக்கோங்க, பட்டா பேடு மாத்துற செலவு தனி).

மறுநாள் போல்ட் தலை வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா அதுதான் அதிர்ஷ்டம், வைஸ் கிரிப்பால (கவ்வுனதும் பூட்டிக்கிற பிளேயர்) வெளிப்பக்கமா நல்லா கவ்விப் பிடிச்சு மெதுவா இடப்பக்கம் திருப்புங்க. கவ்வ இடம் இல்லேன்னா ஆக்சா பிளேடால தலையில ஒரு கோடு அறுத்து தட்டை திருப்புளி போட்டுப் பாருங்க. 4 எம்எம் குழி தேஞ்சிருந்தா டி25 ஸ்டார் பிட்டு (நட்சத்திர வடிவ முனை) அதுல இறுக்கமா உக்காரும், அதுவும் ஒரு வழி, ஆனா அடிச்சு இறக்கணும்ங்கறதால இந்த இடத்துக்கு எனக்கு மனசு வரல.

ஒண்ணு கவனிங்க, போல்ட் சுத்துது ஆனா வெளிய வரலேன்னா உள்ள இருக்குற நட்டே சேர்ந்து சுத்துதுன்னு அர்த்தம். அலுமினிய ஃப்ரேம்ல பெரும்பாலும் அது வெல்டு பண்ணதில்ல, ஓட்டையில சொருகி நசுக்கி வச்சது. அதோட விளிம்பை பிளேயரால பிடிச்சுக்கிட்டுதான் திருப்பணும். எதுவும் ஆகலேன்னா 5 எம்எம் டிரில் பிட்டால தலையை மட்டும் துளைச்சு எடுத்துருங்க, தலை போனதும் இறுக்கம் விட்டுரும், மீதிக் கம்பி பிளேயருக்கே வந்துரும். புது எம்5 (5 எம்எம் தடிமன்) போல்ட் போடும்போது கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. அந்த ஆலன் கீ முனையும் தேஞ்சிருக்கும், கிரைண்டர்ல கொஞ்சம் வெட்டி விட்டா புது முனை கிடைக்கும், இல்லேன்னா அடுத்த போல்டையும் தின்னுடும்.

கேள்வி: வலது பெடல் ஈஸியா வந்துருச்சு, இடது பெடல் மட்டும் ஸ்பேனர்ல பைப் மாட்டி ஏறி மிதிச்சாலும் அசையல. துருவா? – வாசகி, ஈரோடு

பதில்: துரு இல்லீங்க, நீங்க இவ்ளோ நேரமா இறுக்கிட்டு இருந்திருக்கீங்க! இடது பெடலுக்கு மரை தலைகீழ். ரெண்டு பக்கமும் 15 எம்எம் ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டி, பின்சக்கரத்தைப் பாத்து தள்ளுனா கழலும். முன்னாடி செயினை பெரிய பல்சக்கரத்துல போட்டுக்கோங்க, ஸ்பேனர் வழுக்கினா பல்லு கையை கிழிச்சிரும், எனக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.