ஆறிப்போன பீன்ஸ்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கிரேக்க உணவகத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் பகுதியிலுள்ள ஒரு கிரேக்க உணவகத்துக்கு என் பெற்றோரை அழைத்துச் சென்றேன். இருவரும் சைவம். தக்காளியில் வெந்த பீன்ஸ் குழைந்துபோய், எண்ணெய் மிதக்க, ஆறிப்போய் வந்தது. சாலட்டில் பெயருக்குக்கூட ஓர் இலை இல்லை. தட்டுகள் எந்த வரிசையும் இல்லாமல் வந்தன. நான் சாப்பிட்ட முசாக்காவின் ஓரம் கொதித்தது, நடுப்பகுதி சில்லிட்டிருந்தது. சாப்பிட்டு முடித்து நெடுநேரம் ஆகியும் யாரும் பில் கொண்டுவரவில்லை. இதையா நீங்கள் அப்படிப் புகழ்ந்தீர்கள்? அசைவம் தொடாதவர்கள் அங்கே எதைத்தான் சாப்பிடுவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் புகார்களில் ஒன்று முழுக்க நியாயமானது. மற்றவற்றை வைத்துப் பார்த்தால், அந்தச் சமையலறையில் ஒழுங்காகச் சமைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நியாயமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முசாக்கா பெரிய தட்டத்தில் கத்தரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கி, மேலே வெண்சாஸ் ஊற்றிச் சுட்டெடுக்கப்படுவது. அந்த வெண்சாஸ் அடுக்கு நாம் நினைக்கும் அளவுக்குப் பழையது அல்ல. சிஃப்னோஸ் தீவைச் சேர்ந்த நிக்கோலாஓஸ் செலெமெந்தெஸ் என்ற சமையற்கலைஞர் பிரெஞ்சு முறையைப் பின்பற்றி 1920-களில் சேர்த்தது. அடுப்பிலிருந்து எடுத்தவுடன் வெட்டினால் அடுக்குகள் சரிந்துவிடும் என்பதால் அதை நெடுநேரம் ஆறவிட்டே துண்டு போடுவார்கள். ஆகவே அது எங்கும் ஒரே மாதிரி மிதமான சூட்டில் வந்திருந்தால் நான் உங்களோடு வாதாடியிருப்பேன். ஓரம் கொதித்து நடுவில் சில்லிட்டிருந்தது என்றால், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த துண்டை மைக்ரோவேவில் அவசரமாகச் சுழற்றியிருக்கிறார்கள். அதைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பீன்ஸ் விஷயம் வேறு. ஆலிவ் எண்ணெயில் காய்கறிகளை வேகவைக்கும் சமையலுக்குக் கிரேக்கத்தில் லதேரா என்று பெயர். பீன்ஸ், வெண்டைக்காய், பட்டாணி, கூனைப்பூ எல்லாம் இந்த வகையில் உண்டு. வெங்காயமும் தக்காளியும் தாராளமான எண்ணெயும் சேர்த்து, மூடி போட்டு, சிறு தீயில் வைத்துவிடுவார்கள். காய் விட்ட தண்ணீரும் தக்காளியின் சாறும் முற்றிலும் வற்றி, பாத்திரத்தில் எண்ணெய் மட்டும் தங்கும்போதுதான் சமையல் முடிந்ததாகக் கணக்கு. கடித்தால் நறுக்கென்று ஒடியும் பீன்ஸ் அவர்கள் கண்ணில் வேகாத பீன்ஸ். ஆக, குழைந்ததும் எண்ணெய் மிதந்ததும் பக்குவத்தின் அடையாளங்கள். அந்த எண்ணெயைத் தொட்டுச் சாப்பிடத்தான் ரொட்டிக்கூடை மேசைக்கு வருகிறது; ரொட்டியை முதலிலேயே தின்று தீர்த்துவிடுகிறவர்கள் உணவின் பாதியை இழக்கிறார்கள்.

ஆறியிருந்ததற்கும் காரணம் உண்டு. இந்த வகை உணவுகள் காலையிலேயே சமைத்து இறக்கப்படுகின்றன. சூடு தணிந்த பிறகுதான் தக்காளியின் புளிப்பும் எண்ணெயின் மணமும் ஒன்றோடொன்று சேர்ந்து தெளிவாகத் தெரியும். தவெர்னா எனப்படும் பழைய பாணி எளிய உணவகங்களில் வருகிறவர்கள் நேரே சமையலறைக்குள் போய், பாத்திரங்களைப் பார்த்து, இது ஒரு தட்டு, அது ஒரு தட்டு என்று விரல் நீட்டிச் சொல்லிவிட்டு வந்து உட்காரும் வழக்கம் இருந்தது. இன்றும் சில இடங்களில் இருக்கிறது. நான் போகும் உணவகத்தில் சமையலறைக்குள் விடுவதில்லை, ஆனால் வாசலை ஒட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் அன்றைய தட்டங்கள் வரிசையாக இருக்கும். உரிமையாளரின் மனைவி பீன்ஸ் தட்டத்தின் ஒரு முனையைத் துணியால் பிடித்துச் சற்றே உயர்த்துவார். மறுமுனையில் தண்ணீர் கலக்காத, சிவப்பேறிய எண்ணெய் மட்டும் வழிந்து சேர்ந்தால் எனக்கு ஒரு கரண்டி வைப்பார். வெளிறிய நீர் ஓடினால், "இன்றைக்கு இது வேண்டாம், நாளைக்குச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அடுத்த தட்டத்துக்கு நகர்ந்துவிடுவார்.

நான் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு இதுதான் காரணம். மெனு அட்டை ஆண்டுக்கணக்கில் மாறுவதில்லை. தட்டங்கள் தினமும் மாறுகின்றன. தீயில் வாட்டிய இறைச்சியை ஓரளவு கைப்பழக்கம் உள்ள எவரும் கேட்ட பத்து நிமிடத்தில் தந்துவிட முடியும். காலையில் தொடங்கும் சமையலுக்கோ, மதியம் யாராவது வந்து அதைக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை தேவைப்படுகிறது. அக்கம்பக்கத்தார் வழக்கமாக வந்து கேட்கிற வரைதான் ஓர் உணவகம் அதைச் செய்யும்; கேட்க ஆளில்லாவிட்டால் சில மாதங்களில் அது சுவ்லாக்கியும் (கம்பியில் கோத்து வாட்டிய இறைச்சி) உருளைக்கிழங்கு வறுவலும் மட்டும் விற்கும் கடையாகிவிடும். (மேசையருகே பாலாடைக்கட்டியைக் கொளுத்தி "ஓப்பா" என்று கூவும் வேடிக்கையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது சிகாகோவின் பார்த்தெனன் உணவகத்தில் 1968-இல் தொடங்கியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கிரேக்கத்தில் சகனாக்கி எனப்படும் அந்தப் பாலாடைக்கட்டியை வறுத்து எலுமிச்சை பிழிந்து தருவதோடு சரி. தீப்பிழம்பை நம்பி நடக்கும் உணவகத்தில் நான் பீன்ஸ் கேட்கத் துணிய மாட்டேன்.)

சாலட்டில் இலை இல்லாததும் முறைதான். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஆலிவ் காய், சிலவேளை குடைமிளகாய், அவற்றின் மேல் உதிர்க்காத ஒரு ஃபெட்டா பாலாடைக்கட்டிப் பலகை, அதன் மேல் காய்ந்த ஒரேகானோவும் எண்ணெயும். கீரை போட்டு நிரப்புவது கடல் தாண்டிய பிறகு வந்த பழக்கம். ஃபெட்டாவை முழுத் துண்டாக வைப்பதில் எனக்கு இன்னொரு வசதி தெரிகிறது: என்ன தருகிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயர் கிரேக்கத்துக்கே உரியது என்று 2002-இல் பதிவானது. ஜெர்மனியும் டென்மார்க்கும் வழக்காடின, 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவற்றின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. விதிப்படி அது செம்மறியாட்டுப் பாலில் செய்யப்பட வேண்டும், வெள்ளாட்டுப் பால் 30 விழுக்காடு வரை சேரலாம், உப்புநீரில் ஊறுவதையும் சேர்த்து குறைந்தது இரண்டு மாதம் முதிர வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே பல இடங்களில் பசும்பால் கட்டியும் அதே பெயரில் வருகிறது. அது பெரும்பாலும் சற்று மஞ்சள் சாயும், நாவில் அந்தக் கூர்மையும் இருக்காது.

தட்டுகள் வரிசையின்றி வந்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எது தயாரோ அது வரும், மேசை நடுவே வைத்து எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள். பில் விஷயமும் அப்படியே: கேட்காமல் பில் வைப்பது எழுந்து போகச் சொல்வதாகும் என்பதால், நீங்கள் கையசைக்கும் வரை அதைக் கொண்டுவர மாட்டார்கள். உங்களுக்கு அவசரமாக இருந்திருக்கலாம். அவர்களுக்கு அது தெரியாது.

உங்கள் பெற்றோர் எதைச் சாப்பிடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்கள் ஏராளம். ஈஸ்டருக்கு முந்தைய நீண்ட தவக்காலத்தைத் தவிர, ஆண்டின் பெரும்பாலான புதன்களும் வெள்ளிகளும்கூட நோன்புதான். இறைச்சி, பால், முட்டை மூன்றும் விலக்கப்படுவதால் சைவ உணவுகள் அந்தச் சமையலில் பின்னாளில் சேர்ந்த சலுகையாக இல்லாமல் வேரிலேயே இருக்கின்றன. ஆனால் நோன்பு உணவு என்ற சொல்லை மட்டும் நம்பிவிடாதீர்கள். கணவாயும் ஆக்டோபஸும் இறாலும் அதில் அனுமதிக்கப்பட்டவை. பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் சுட்ட கிகாந்தெஸ், உருளையும் சுரைக்காய் வகையும் கத்தரியும் சேர்ந்த பிரியாம், மஞ்சள் பருப்பை மசித்து வெங்காயம் தூவிய ஃபாவா ஆகியவற்றைத் தாராளமாகக் கேட்கலாம். தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் அரிசி அடைத்த யெமிஸ்தாவில் கொத்துக்கறி கலப்பதும் உண்டு என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள். கீரை அடைத்துச் சுட்ட ஸ்பனகோபித்தாவில் பெரும்பாலும் முட்டையும் இருக்கும். ஃபெட்டாவை உறையவைக்க மரபாகக் குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளையே பயன்படுத்துகிறார்கள். அது உங்கள் வீட்டில் பொருட்டா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். திராட்சை இலையில் சுருட்டிய டோல்மா குளிர்ந்து, எலுமிச்சைத் துண்டோடு வந்தால் உள்ளே பெரும்பாலும் அரிசியும் மூலிகையும்தான். அதுவே சூடாக, முட்டையும் எலுமிச்சையும் அடித்த சாஸில் வந்தால் அநேகமாக இறைச்சி இருக்கும். அதே முட்டை-எலுமிச்சைப் பெயரில் வரும் சூப்பு பெரும்பாலும் கோழிச் சாற்றில் செய்யப்படுவது. அதை மட்டும் கேட்காமலே தவிர்த்துவிடலாம்.