பாஸ்போ மட்டும் பார்த்தால் போதாதா, மொத்தப் புரதத்தையும் மாஸ் ஸ்பெக்கில் ஓட்ட வேண்டுமா?

கேள்வி: மருந்து கொடுத்த செல்களில் பாஸ்பரிலேஷன் (புரதங்களின் மேல் பாஸ்பேட் ஏறுவது) எப்படி மாறுகிறது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் (மூலக்கூறுகளை எடைபோட்டு அறியும் முறை) பார்க்கப் போகிறேன். புரதங்களின் மொத்த அளவையும் சேர்த்து அளக்க வேண்டுமா? கைடு அது வீண்செலவு என்கிறார்.

பதில்:

கட்டாயம் அளக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாமல் விட்டு எட்டு மாதம் இழந்தவள் நான். கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக மனசு வரவில்லை.

நீங்கள் பிஎச்டி இரண்டாம் வருடத்தில் இருப்பீர்கள், மெஷின் உங்கள் லேபில் இருக்காது, ஒவ்வொரு ரன்னுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கும் அதே நிலைமைதான். புற்றுநோய் செல்களுக்கு மருந்து கொடுத்து 24 மணி நேரம் கழித்து எடுத்தேன். ஏறிய பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதிகளை நிறுத்தும் பாஸ்பேட்டேஸ் தடுப்பான்கள் விஷயத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. அவற்றில் ஒன்றான சோடியம் ஆர்த்தோவனடேட்டை பிஎச் 10க்குக் கொண்டுவந்து, மஞ்சள் நிறம் போய்த் தண்ணீர் மாதிரி தெளியும்வரை கொதிக்க வைத்து, ஆறியதும் பிஎச் பார்த்து, மறுபடி மஞ்சளானால் மறுபடி கொதிக்க வைத்து, அத்தனையும் செய்தேன். அப்புறம் புரதங்களை டிரிப்சின் நொதியால் பெப்டைடு துண்டுகளாக வெட்டி, டைட்டானியம் டையாக்சைடு பீட்ஸில் (நுண்மணிகள்) பாஸ்பேட் ஏறிய பாஸ்போ பெப்டைடுகளைப் பிடித்து, அம்மோனியா கரைசலில் இறக்கி, உடனே அமிலம் சேர்த்து ஓட்டினோம்.

ஒரு புரதத்தின் ஒரு செரினில் (பாஸ்பேட் ஏறும் ஓர் அமினோ அமிலம்) மூன்று மடங்கு ஏற்றம்! பெப்டைடின் எடை, ஒரு பாஸ்பேட் ஏறினால் எவ்வளவு கூடுமோ அதே அளவு, சரியாக 79.966 டால்டன் கூடியிருந்தது. உடைத்துப் பார்த்தால் 98 டால்டன் பாஸ்பாரிக் அமிலம் கழன்றுபோய், மெஷின் எடையைச் சார்ஜால் வகுத்துக் காட்டும், இதற்கு இரண்டு சார்ஜ் என்பதால் 49 தள்ளி ஒரு பீக் நெட்டுக்குத்தாக நின்றது. அதைப் பிரிண்ட் எடுத்து மேஜைக்கு எதிரே ஒட்டிவைத்தேன். எந்தக் கைனேஸ் (பாஸ்பேட்டை ஏற்றும் நொதி) இதைச் செய்கிறது என்று தேடியதில் அடுத்த எட்டு மாதம் போனது. எந்த இன்ஹிபிட்டரைப் போட்டும் ஒன்றும் அசையவில்லை.

ஒருநாள் மெஷின் ஓட்டும் அண்ணா கேட்டார்: "ஏம்மா, பீட்ஸ்ல போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்து வெச்சியே, அதை ஏன் ஓட்டவே இல்ல?" மைனஸ் 80 ஃப்ரீசரில் பெட்டியின் ஓரத்தில் அந்த ட்யூப்கள் அப்படியே இருந்தன. ஓட்டினோம். அந்தப் புரதமே மூன்று மடங்கு ஏறியிருந்தது. பாஸ்போவை மொத்தத்தால் வகுத்தால் ஒன்று. மருந்து அந்த இடத்தில் பாஸ்பரிலேஷனைக் கூட்டவே இல்லை. செல்லில் அந்தப் புரதம் சேர்ந்திருக்கிறது, அதில் வழக்கமான விகிதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

வீண்செலவு என்று சொல்லும் உங்கள் கைடிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பாஸ்போவுக்கு நாங்கள் ஒரு மில்லிகிராம் பெப்டைடு எடுத்தோம். மொத்தப் புரதத்துக்கு மெஷினில் ஏற்றியது ஒரு மைக்ரோகிராம், ஆயிரத்தில் ஒரு பங்கு. செல் வளர்ப்பு, டிரிப்சின் எல்லாம் ஏற்கெனவே செலவானதுதான், கூடுதலாக ஆவது ரன் கட்டணம் மட்டும். வெஸ்டர்ன் பிளாட்டில் (ஒரு புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) எர்க் என்ற புரதத்தின் பாஸ்போ எர்க் பட்டைக்குக் கீழே டோட்டல் எர்க் இல்லாவிட்டால் அவரே ஏற்றுக்கொள்வாரா? அதே நியாயம்தானே இங்கேயும்.

எல்லாச் சோதனைக்கும் இது தேவையா என்று கேட்டுக்கொண்டு சிலர் வருவார்கள். இஜிஎஃப் (செல்லைத் தூண்டும் ஒரு வளர்ச்சிக் காரணி) கொடுத்து ஐந்து நிமிடத்தில் செல்லை எடுக்கிறீர்கள் என்றால் சரி, அதற்குள் பெரும்பாலான புரதங்களின் அளவு பெரிதாக மாறாது, அங்கே விட்டுவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன். நான் சொல்வது மணிக்கணக்கில், நாள்கணக்கில் மருந்தில் வைக்கும் சோதனைகளை. இன்னொன்று, மொத்த அளவு பல பெப்டைடுகளைச் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது, பாஸ்போ அளவு பெரும்பாலும் ஒரே பெப்டைடை நம்பி இருக்கிறது. அதனால் மூன்று ரெப்ளிகேட்டுக்கு (அதே சோதனையைத் திரும்பச் செய்வது) குறையாமல் செய்யுங்கள்.

இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைசியில் வேறொரு புரதத்தை வைத்து எங்கள் பேப்பர் வந்தபோது, அந்த அண்ணாவின் பெயர் ஆசிரியர்கள் வரிசையில் இல்லை. நன்றிப் பகுதியில்கூடக் கருவி மையத்துக்கு நன்றி என்று ஒரு வரிதான். ராத்திரி பதினொரு மணிக்கு மெஷினின் காலம் (column, பெப்டைடுகளைப் பிரிக்கும் குழாய்) அடைத்துக்கொண்டால் வந்து மாற்றிக் கொடுத்தவர் அவர், டேட்டாவில் இருந்த தப்பைக் கண்டுபிடித்தவரும் அவர். பெயரைச் சேர்க்கக் கேட்டேன். கட்டணம் கட்டியாயிற்றே என்று பதில் வந்தது. அவருக்கு இன்னும் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலைதான். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, நீங்கள் இந்த வாரமே லைசேட் (செல்களை உடைத்த கரைசல்) எடுக்கப் போகிறீர்கள் என்றால், டிரிப்சின் வேலை முடிந்து பீட்ஸில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சாம்பிளிலிருந்தும் 20 மைக்ரோகிராம் பெப்டைடைத் தனியே எடுத்து, உலர்த்தி, ட்யூபில் தேதியும் 'டோட்டல்' என்றும் எழுதி மைனஸ் 80இல் வைத்துவிடுங்கள். கைடு இப்போது வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, பணம் வரும்போது ஓட்டிக்கொள்ளலாம்.