மேஜர் முடிவு செய்யாமல் கல்லூரியில் சேர்வதை வீட்டில் எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் 'அன்டிக்ளேர்ட்' ஆக, அதாவது மேஜர் (முதன்மைப் பாடம்) எதுவென்று முடிவு செய்யாமல் சேரப்போகிறேன், ஊரில் படித்த அப்பா அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

"என்ன படிப்பதென்று தெரியவில்லை" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். சேரும்போதே ஈசிஇயா மெக்கானிக்கலா என்று முடிவு செய்துவிட்டுப் படித்தவர்களுக்கு அது, பிள்ளை படிக்கவே போவதில்லை என்பது போலக் கேட்கும். அங்கே முறையே வேறு என்பதை முதலில் சொல்லுங்கள். எம்ஐடியில் முதலாண்டு மாணவர் எவருக்கும் மேஜர் கிடையாது. இதைச் சொன்னாலே பாதி வீடுகளில் குரல் இறங்கிவிடும். பல பல்கலைக்கழகங்களில் இரண்டாம் ஆண்டு முடியும்வரை நேரம் உண்டு.

அப்புறம் பணம். உண்மையான பயமே, மேஜரைத் தாமதமாக முடிவு செய்து நாலு வருஷப் படிப்பு இழுத்துக்கொண்டால் கட்டவேண்டிய ஐந்தாம் வருஷ ஃபீஸ்தான். ஒரு தாளை எடுத்து, பட்டத்துக்குப் பொதுவாகத் தேவைப்படும் 120 கிரெடிட்டில் பொதுப்பாடங்கள் எத்தனை, முதல் வருஷம் எவற்றை முடிப்பீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள். கால்குலஸும் புள்ளியியலும் பல மேஜர்களுக்கு உதவும்.

ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸோ நர்ஸிங்கோ மனதில் இருந்தால் யோசியுங்கள். சில இடங்களில் பிறகு அதற்கு மாறுவது மிகக் கஷ்டம். அப்பா கண்டுபிடிப்பதற்கு முன் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.