ஊழியத்தில் ‘நான்’ எட்டிப் பார்க்கிறதே, தொடரலாமா விட்டுவிடலாமா?

கேள்வி இதுதான்: “சபையில் சில வருடங்களாக ஊழியம் செய்கிறேன். வாயால் ‘எல்லா மகிமையும் ஆண்டவருக்கே’ என்று சொல்கிறேன். ஆனால் யாராவது பாராட்டினால் உள்ளுக்குள் இனிக்கிறது. கண்டுகொள்ளாமல் போனால் வலிக்கிறது. இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஊழியத்தைத் தொடரலாமா?”

நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. ஒன்பது வருடம் ஆராதனையில் பாடல் நடத்தினேன். அப்புறம் அந்தப் பொறுப்பை என்னைவிடப் பதினைந்து வயது இளைய ஒரு தம்பியிடம் கொடுத்துவிட்டு, “நீங்கள் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு அனுபவம் உள்ள ஆள் வேண்டும்” என்றார்கள். “ஆண்டவர் எங்கே வைத்தாலும் சந்தோஷம்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். எல்லாம் சரியாக இருந்தால் அந்த ஆள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. ஸ்பீக்கர் கூவினால் மட்டும் மொத்தச் சபையும் திரும்பி அவரையே பார்க்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எனக்குச் சிக்கல் வேறு. என் இடத்தில் நிற்கிறவரின் குரல் என் விரலுக்குக் கீழே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியின் மைக்கை மூன்று டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறைத்து வைத்தேன். மூன்றுதான். குறைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் குரல் கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் அடியில் அமுங்கிவிடும், பாட்டில் ஏதோ உயிர் இல்லாததுபோல் இருக்கும். ஆராதனை முடிந்ததும் தம்பி என்னிடம் வந்து, “அண்ணா, இன்றைக்கு என் குரல் எடுபடவே இல்லை. உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமமாக இருந்திருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பரவாயில்லை தம்பி, ஆண்டவர் நம் இருதயத்தைப் பார்க்கிறவர்.”

யாருடைய இருதயத்தைப் பார்த்தாரோ!

“அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்” என்று யோவான் ஸ்நானகன் சொன்னதை வைத்து நானே எத்தனை முறை ஜெபித்திருக்கிறேன். ஆனால் அவர் அதை எந்தச் சூழ்நிலையில் சொன்னார் என்று அதற்கு முன்பு கவனித்ததில்லை. யோவான் 3-ஆம் அதிகாரத்தில் அவருடைய சீஷர்கள் புகாரோடு வருகிறார்கள்: நீர் யாரைக் குறித்துச் சாட்சி சொன்னீரோ அவரும் ஞானஸ்நானம் கொடுக்கிறார், எல்லோரும் அங்கே போகிறார்கள். கூட்டம் கண்ணெதிரே கரைகிறது. அந்த நேரத்தில் அவர் தன்னைக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தோழன் என்கிறார். மாப்பிள்ளையின் குரல் கேட்டதும் தோழனுக்கு மிகுந்த சந்தோஷம், அந்தச் சந்தோஷம் எனக்குச் சம்பூரணமாயிற்று என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு இடம் விட்ட மனிதனின் பேச்சாக அது எனக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைத்தான் பார்க்கிறார்கள் என்று தோழன் கோபித்துக்கொண்டால் அவனை என்னவென்று சொல்வது? நான் அந்தத் தோழனாகத்தான் இருந்தேன்.

ஒன்று மட்டும் என் பக்கம் சொல்லிக்கொள்ளலாம். யோவானுக்குப் பின் வந்தவர் கிறிஸ்து. எனக்குப் பின் வந்தவர் சில நேரம் சுருதி தவறுகிற ஒரு தம்பி. கிறிஸ்துவுக்கு வழிவிடுவதைவிடச் சக ஊழியருக்கு வழிவிடுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறேன். அதற்கு எனக்கு உதவியவர் ஆதிச் சபையில் ஊழியம் செய்த பர்னபா. பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலைக் கண்டு எல்லோரும் பயந்தபோது அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனவர் அவர்தான். பிறகு தர்சுவுக்குப் போய்த் தேடிப் பிடித்து அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான். அப்போஸ்தலர் 13-இன் தொடக்கத்தில் ‘பர்னபாவும் சவுலும்’ என்றுதான் வருகிறது. அதே அதிகாரம் முடிவதற்குள் ‘பவுலும் பர்னபாவும்’ ஆகிவிடுகிறது. பெயர் இரண்டாம் இடத்துக்குப் போனதைப் பற்றி பர்னபா ஏதாவது சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. பின்னால் இருவரும் கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்தது உண்மை. அந்தச் சண்டையும் மாற்கு என்ற இளைஞனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று பர்னபா பிடிவாதம் பிடித்ததால் வந்தது. தன் இடத்துக்காக அவர் சண்டை போட்டதாக இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெருமை இருக்கும்போது தொடரலாமா?

இதற்கு என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி எண்ணாகமம் 20. அதே புத்தகத்தின் 12-ஆம் அதிகாரம் மோசேயைப் பூமியில் உள்ள எல்லா மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்கிறது. எட்டு அதிகாரம் தள்ளி அவர் தடுமாறுகிறார். அக்காள் மிரியாம் காதேசில் இறந்து அடக்கம் செய்யப்பட்டாயிற்று. தண்ணீர் இல்லை, ஜனங்கள் வழக்கம்போல் சண்டைக்கு வருகிறார்கள். மனிதர் களைத்துப் போயிருக்கிறார். கன்மலையைப் பார்த்துப் பேசு என்று கர்த்தர் சொல்லியிருக்க, அவர் ஜனங்களைப் பார்த்து, “கலகக்காரரே, கேளுங்கள், உங்களுக்கு இந்தக் கன்மலையிலிருந்து நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ” என்று கத்திவிட்டு, கோலால் இரண்டு தரம் அடிக்கிறார்.

‘நாங்கள்.’ அந்த ஒரு சொல்லில்தான் என் கண் நின்றது. யார் தண்ணீர் கொடுப்பது?

ஆனால் தண்ணீர் வந்தது! ஏராளமாய் வந்தது, சபையார் குடித்தார்கள், மிருகங்களும் குடித்தன. ஜனங்களைப் பொறுத்தவரை அன்றைய ஊழியம் அமோக வெற்றி. நம் நாளாக இருந்தால் அதை வீடியோ எடுத்துப் போட்டிருப்போம். கர்த்தரோ, இஸ்ரவேலரின் கண்களுக்கு முன்பாக என்னைப் பரிசுத்தம் பண்ணவில்லை என்று சொல்லி, மோசேயையும் அவருடைய அண்ணன் ஆரோனையும் வாக்குத்தத்த தேசத்துக்குள் இந்தச் சபையை அழைத்துப் போக விடவில்லை.

இதில் எனக்கு ஒரு பயமும் இருக்கிறது, ஓர் ஆறுதலும் இருக்கிறது. பயம் என்னவென்றால், ஊழியம் நன்றாக நடக்கிறது, ஜனங்கள் ஆசீர்வதிக்கப்படுகிறார்கள் என்பதை வைத்து என் உள்ளம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. தாகமுள்ளவர்கள்மேல் இரக்கம் வைத்து அவர் தண்ணீர் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆறுதலும் அதேதான். என் உள்ளம் சுத்தமாகும்வரை ஆண்டவர் ஜனங்களைத் தாகத்தோடு காக்க வைப்பதில்லை. அதனால் “என்னிடம் பெருமை இருக்கிறது, நான் விலகிவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும்” என்று நினைக்கத் தேவையில்லை. விலகுவதிலும் ஒரு பெருமை ஒளிந்திருக்கும். யாராவது வந்து கெஞ்சுவார்களா என்று காத்திருப்போம். நானும் காத்திருந்திருக்கிறேன். யாரும் வரவில்லை.

உள்ளத்தைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். “இதை ஆண்டவருக்காகச் செய்தேனா, எனக்காகச் செய்தேனா” என்று நாள் முழுவதும் விசாரித்துக்கொண்டிருந்தால், அப்போதும் நான் பார்த்துக்கொண்டிருப்பது என்னைத்தானே? பவுல் 1 கொரிந்தியர் 4-இல் நானும் என்னைக் குறித்துத் தீர்ப்புச் செய்வதில்லை, என்னை விசாரிக்கிறவர் கர்த்தர் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார். மனச்சாட்சி எதையும் குத்திக் காட்டவில்லை, அதனாலேயே நான் நீதிமான் ஆகிவிடவும் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்கிறார். எனக்கு இது பெரிய விடுதலை. மைக்கைக் குறைத்தால் அது பாவம், அதை அறிக்கை செய்யலாம். பாராட்டுக் கேட்டு ஒரு நொடி இனித்தது என்பதற்கெல்லாம் நீதிமன்றம் கூட்ட வேண்டாம்.

யாராவது பாராட்டினால் “நன்றி” என்று சொல்லிவிடுங்கள். “ஐயோ, நான் ஒன்றுமே இல்லை, வெறும் தூசி” என்று ஆரம்பித்தால், எதிரே நிற்பவர் “அப்படிச் சொல்லாதீர்கள், உங்களைப்போல் யார் உண்டு” என்று இன்னும் நாலு வரி சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அந்த நாலு வரிக்காகத்தான் நான் தூசி ஆனேன் என்பது எனக்குத் தெரியும். ‘மாயமான தாழ்மை’ என்று கொலோசெயர் நிருபத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் பாராட்டு ஆராதனையாக மாறுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே “நன்றி” போதாது. ரோம நூற்றுக்கு அதிபதியான கொர்நேலியு காலில் விழுந்தபோது பேதுரு, எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான் என்று தூக்கிவிட்டார். லீஸ்திரா என்ற ஊரில் பவுலையும் பர்னபாவையும் தெய்வங்கள் என்று சொல்லிப் பலியிட எருதுகளோடு வந்தபோது இருவரும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தார்கள். இன்று எருதுகள் வருவதில்லை, ‘வல்லமையான தேவமனிதர்’ என்ற பட்டத்தோடு ஆளுயரப் படம் வருகிறது. யாரும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு குழப்பம். தாழ்மை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள், பெரும்பாலும் அதனால் பயன் அடைகிறவர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் தன் இசைத் தாள்கள் பலவற்றின் முடிவில் எஸ்.டி.ஜி. என்ற மூன்று எழுத்துகளை எழுதினார். ‘தேவனுக்கே மகிமை’ என்பதற்கான லத்தீன் சுருக்கம் அது. அதே மனிதர்தான் 1730-இல் லைப்சிக் நகர மன்றத்துக்கு, தேவாலய இசைக்குத் தகுதியான ஆட்கள் போதவில்லை என்று விரிவாக மனு எழுதினார். மகிமை தேவனுக்கு என்பதால்தான் வேலை அரைகுறையாக இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஊழியத்தில் அநியாயம் நடந்தால் பேசுங்கள். தாழ்மை என்ற பெயரில் விழுங்கிவைத்தால் அது வேறு எங்காவது மூன்று டெசிபலாக வெளியே வரும்.

இயேசு சீஷர்களின் கால் கழுவியதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. பெரிய வியாழன் அன்று பல சபைகளில் அது நடக்கிறது. கழுவப்படுகிறவர்கள் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன். முதல் முறை நடந்தபோது கால்கள் அழுக்காக இருந்தன. யார் பெரியவன் என்ற விவாதமும் அந்த ராப்போஜனப் பந்தியிலேயே நடந்ததாக லூக்கா எழுதுகிறார். யூதாஸ் எழுந்து போவதற்கு முன்பே கழுவி முடித்தாயிற்று, அப்படியென்றால் அவன் காலும் கழுவப்பட்டது. அதற்கும் முன்னால் சுவிசேஷம் எழுதிய யோவான் ஒரு வரி வைக்கிறார், அதைத்தான் நான் வருடக்கணக்கில் வேகமாகப் படித்துத் தாண்டியிருக்கிறேன். பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்தார் என்பதையும், தாம் தேவனிடமிருந்து வந்து தேவனிடமே போகிறார் என்பதையும் அறிந்து, இயேசு எழுந்து சீலையை இடுப்பில் கட்டினார். தான் யார் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அதனால் குனிவதில் இழக்க அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கோ மேடையில் நிற்கிறவன் என்பதைத் தவிர வேறு அடையாளமே இல்லாமல் போயிருந்தது. அதை எடுத்ததும் நடுங்கிவிட்டேன். இயேசு ஊழியத்துக்கு அனுப்பிய எழுபது பேர் பிசாசுகளும் கீழ்ப்படிகின்றன என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தபோது, உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று அவர் ஏன் பேச்சை மாற்றினார் என்பது அப்போதுதான் புரிந்தது. பாட்டு நன்றாக வந்த ஞாயிறும் சொதப்பிய ஞாயிறும் அந்த ஏட்டைத் தொடுவதில்லை.

தம்பியிடம் விஷயத்தைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவர் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “எந்தப் பாட்டுக்கு, அண்ணா?” என்று கேட்டார்.

“எல்லாப் பாட்டுக்கும்.”

ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவரும் சுருட்ட ஆரம்பித்தார். வேறொன்றும் கேட்கவில்லை. இப்போதும் நாங்கள் சேர்ந்துதான் ஊழியம் செய்கிறோம். சவுண்ட் செக் நேரத்தில் அவர் கண் ஒரு முறை என் கைப்பக்கம் வந்துபோகும். வரட்டும்.