பொருளாதாரம் படித்தால் சுயநலம் வந்துவிடுமா?

வணக்கம். என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. பொருளாதாரம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். என் மைத்துனர் (பி.காம்., சொந்தத் தொழில்) "எகனாமிக்ஸ் படிச்சா சுயநலமா ஆயிடுவாங்கன்னு அமெரிக்காவுல ஆராய்ச்சியே இருக்கு" என்கிறார். உண்மையா? எனக்கென்னவோ இது மேற்கத்தியத் தனிமனித வாழ்க்கையின் கோளாறு, கூட்டாக வாழ்ந்து பழகிய சமூகங்களில் வராது என்று தோன்றுகிறது.
– கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

உங்கள் மைத்துனர் சும்மா அடித்துவிடவில்லை. 1981-இல் விஸ்கான்சினில் மார்வெல், ஏம்ஸ் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு அது. அதில் ஒரு விளையாட்டு: கையில் கொடுத்த பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அல்லது பொதுவில் போடலாம். பொதுவில் போட்டது பெருகும், ஆனால் ஒரு பைசா போடாதவருக்கும் அதில் பங்கு உண்டு. மற்றவர்கள் ஏறக்குறைய பாதியைப் போட்டார்கள், பொருளாதார மேற்படிப்பு மாணவர்கள் 20 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அப்புறம் நடந்தது: எவ்வளவு போடுவது நியாயம் என்று கேட்டால், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் பதில் சொல்ல மறுத்தார்கள், இல்லை தலையும் வாலும் புரியாமல் எதையோ சொன்னார்கள்.

ஆனால் படிப்பு கெடுத்ததா, அப்படிப்பட்டவர்கள்தான் அந்தப் படிப்புக்கு வருகிறார்களா? சூரிச் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு செமஸ்டரும் கட்டணம் கட்டும்போதே, வசதியில்லாத மாணவர்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கும் உதவும் இரண்டு நிதிகளுக்கு 7 பிராங்க், 5 பிராங்க் கொடுக்கிறீர்களா என்று அப்போது கேட்டு வந்தார்கள். ஃப்ரை, மையர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். குறைவாகக் கொடுத்தவர்கள் வணிக மேலாண்மைப் பிரிவினர் (மைத்துனரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்), அதுவும் பாடம் தொடங்கும் முன்பே, முதல் செமஸ்டரிலேயே. படிக்கப் படிக்கக் கை இறுகியதாகத் தெரியவில்லை. வாஷிங்டனில் இன்னொரு குழு 10 டாலர் வைத்த உறைகளை வகுப்பறைகளில் 'தவறவிட்டு'ப் பார்த்தபோது, பொருளாதார வகுப்புகளிலிருந்துதான் அதிகம் திரும்பி வந்தன. ஆக, விளையாட்டில் கறாராக இருப்பவரெல்லாம் வாழ்க்கையிலும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் இரண்டாவது எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஹெர்மன், தோனி, கெக்டர் ஆகியோர் பாஸ்டனிலிருந்து மஸ்கட் வரை 16 நகரங்களில் மாணவர்களை வைத்து பொதுவில் பணம் போடும் அதே மாதிரி விளையாட்டை நடத்தி 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நான்கு பேர், ஆளுக்கு 20 டோக்கன். கூடவே ஒரு விதி: சொந்தக் காசு ஒன்றைச் செலவழித்தால் இன்னொருவருக்கு மூன்று அபராதம் போடலாம். பாஸ்டன், கோபன்ஹேகன் மாதிரி ஊர்களில் ஓசிச் சவாரி செய்தவனுக்குத்தான் பெரும்பாலும் அபராதம் விழுந்தது, அவனும் வழிக்கு வந்தான், பொதுப் பணம் சேர்ந்தது. ஏதென்ஸிலும் மஸ்கட்டிலும் நிறையப் போட்டவனுக்கும் சேர்த்து அடி விழுந்தது! நீ யார் எனக்குப் பாடம் எடுக்க என்ற கடுப்பு, போன சுற்றில் வாங்கிய அபராதத்துக்குப் பழி, இரண்டும் இருந்திருக்கும். சட்டத்தின் மேல் நம்பிக்கையும், வரி ஏய்ப்பு மாதிரி விஷயங்களைத் தப்பென்று நினைக்கும் பழக்கமும் குறைவாக உள்ள நாடுகளில் இது அதிகம் என்பது அவர்கள் கண்டது. உறவுக்காரர்களுக்காக உயிரை விடுவதும் முன்பின் தெரியாத மூன்று பேரோடு கணக்கு வைத்துக்கொள்வதும் வேறு வேறு சமாச்சாரம். நாம் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டுக்கும் சேர்த்துப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

மகள் தாராளமாகச் சேரட்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்து 1993-இல் வெளியான ஆய்வில், ஒத்துழைப்பதா காலை வாருவதா என்று தேர்ந்தெடுக்கும் ஒரு விளையாட்டில், ஒத்துழைக்காமல் காலை வாரிய பொருளாதார மாணவர்கள் சுமார் 60 சதவீதம், மற்றவர்கள் 39. ஆனால் ஆட்டத்துக்கு முன் உட்கார்ந்து பேசி வாக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டபோது அந்த இடைவெளி பெரிதும் சுருங்கிவிட்டது. அதனால் குரூப் புராஜெக்ட் என்று வந்தால், யார் எதைச் செய்வது என்பதை முதல் நாளே எல்லோர் முன்னாலும் வாய்விட்டுப் பேசிவிடச் சொல்லுங்கள், அது எந்த டிபார்ட்மெண்ட்டாக இருந்தாலும்.