பீரியட் படம் எடுக்கணும், கையில காசு இல்ல: வாசகர் கேள்வி பதில்

மாணவர் குறும்படம் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு ஒரு வரி போட்டிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல பீரியட் படம், அதாவது பழைய காலத்துக் கதை பத்தி தான். நம்ம பசங்களுக்கு இந்தக் காலத்துக் கதை எதுவும் பிடிக்காது போல. சரி, ஒவ்வொண்ணா பாப்போம்.

நான் திருச்சியில விஸ்காம் கடைசி வருஷம். 1806 வேலூர் சிப்பாய் புரட்சியை 15 நிமிஷப் படமா எடுக்கணும். கோட்டை, 200 சிப்பாய், ட்ரோன் ஷாட் எல்லாம் மனசுல இருக்கு. பட்ஜெட் 60 ஆயிரம். முடியுமா சார்?

தம்பி, 200 பேருக்கு ஒரு வேளை பிரியாணி வாங்கிக் குடுத்தாலே உங்க பட்ஜெட்ல பாதி காலி. வேலூர் கோட்டை மத்திய தொல்லியல் துறை கையில இருக்கு, அங்க ஷூட்டிங்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும், கட்டணம் கட்டணும், டெபாசிட் வேற, ட்ரோன்னா அதுக்குத் தனி அனுமதி. விடுங்க.

ஆனா கதையை விடாதீங்க. அந்தப் புரட்சிக்குக் காரணம் என்ன? 1805 நவம்பர்ல வந்த ஒரு ஆர்டர். பழைய தலைப்பாகைக்குப் பதிலா தோல் வெச்ச புதுத் தொப்பி மாதிரி ஒண்ணு, நெத்தியில நாமம் விபூதி கூடாது, காதுல கடுக்கன் கூடாது, தாடியை எடுக்கணும். சண்டை நடந்தது ஜூலை 10 விடியக்காலைல. நீங்க ஜூலை 9 ராத்திரியை எடுங்க. ஒரு ரூம், ரெண்டு சிப்பாய், நடுவுல அந்தத் தொப்பி. ஒருத்தன் அதைத் தலையில வெச்சுப் பாத்துட்டுக் கழட்டுறான், இன்னொருத்தன் வேற பக்கம் திரும்பி உக்காந்திருக்கான். வெளிய பூட்ஸ் சத்தம் மட்டும் போதும், அதை எடிட்ல போட்டுக்கலாம். செய்ய வேண்டியது ஒரே ஒரு தொப்பி தான், அதை நல்லா செய்யுங்க. படம் முழுக்க க்ளோசப்ல நிக்கப்போறது அது தானே.

நான் சென்னை. எங்க கொள்ளுப்பாட்டி குடும்பம் 1942-ல ஜப்பான்காரன் குண்டு போடப்போறான்னு பயந்து மெட்ராஸ விட்டு கும்பகோணத்துக்கு ஓடிப்போன கதையை வீட்ல அடிக்கடி சொல்வாங்க. அதைப் படமாக்க ஆசை. ஆனா பழைய மெட்ராஸை எப்படிக் காட்டுறது? சிஜிக்கு (கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்) காசில்ல.

காட்டாதீங்க! இந்தக் கதையில உங்களுக்கு அடிச்ச அதிர்ஷ்டமே அது தான். வந்த கேள்விகள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இது, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

தேதியை முதல்ல பிடிச்சுக்கோங்க. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்துச்சு, மார்ச்ல ரங்கூன் போச்சு. ஏப்ரல் 5 ஞாயித்துக்கிழமை, ஈஸ்டர் அன்னிக்கு கொழும்புல குண்டு, மறுநாளே விசாகப்பட்டினத்துலயும் காக்கிநாடாவுலயும் குண்டு. அதுக்கப்புறம் தான் மெட்ராஸ்ல அவசியமில்லாதவங்க எல்லாம் ஊரைக் காலி பண்ணுங்கன்னு அரசாங்கமே சொல்லி, ஆபீஸ்களை எல்லாம் கடலோரத்தை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர்களுக்கு மாத்தி, மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம் புலியை எல்லாம் தப்பிச்சிடும்னு பயந்து சுட்டே கொன்னாங்க. அதே ஏப்ரல் நடுவுல தான் தமிழ் வருஷப் பிறப்பு, விஷு வருஷம் போய் சித்திரபானு வருது. ஒரு வீட்ல வேப்பம்பூ பச்சடிக்கு ரெடி பண்ணிக்கிட்டே மூட்டை கட்டுறாங்கன்னு வைங்க, உங்க முதல் சீன் வந்தாச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். அப்ப ஊர்ல பிளாக்அவுட். ராத்திரியில வெளிச்சம் வெளிய தெரியக்கூடாது, ஜன்னலுக்கு கறுப்புப் பேப்பர் ஒட்டணும், விளக்குக்கு மூடி போடணும், ஏ.ஆர்.பி. (விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை) வார்டன் தெருவுல ரவுண்டு வந்து சத்தம் போடுவார். யோசிச்சுப் பாருங்க, ஜன்னலை அடைச்சாச்சுன்னா எதிர்வீட்டு டிஷ் ஆன்டெனா இல்ல, செல்போன் டவர் இல்ல, எல்.ஈ.டி. தெரு விளக்கு இல்ல, ஃப்ளெக்ஸ் பேனர் இல்ல. நீங்க காசு போட்டு அழிக்க வேண்டியதை எல்லாம் அந்தக் காலத்து சட்டமே உங்களுக்காக அழிச்சுக் குடுக்குது. பட்ஜெட் இல்லாதவங்க காலத்தைத் தேர்ந்தெடுக்கிறப்போ பாக்க வேண்டியது இதைத் தான், எந்த வருஷத்துல எந்த நாள் நமக்கு இல்லாததை மறைச்சுக் குடுக்கும்னு.

லைட்டிங்: அரிக்கேன் விளக்குக்குள்ள நிஜத் திரியை ஏத்தி பருத்திப் புடவை பக்கத்துல வெக்காதீங்க, தயவுசெஞ்சு. சின்ன வார்ம் எல்.ஈ.டி. பல்பு ஒண்ணை உள்ள வெச்சு ஆரஞ்சு ஜெல் பேப்பர் (லைட்டுக்குக் கலர் குடுக்குற கண்ணாடித் தாள்) சுத்துங்க, கண்ணாடிக்கு உள்பக்கம் லேசா புகைக்கரி பூசுங்க, பல்பு தெரியாது. கேமராவுல 24 ஃப்ரேம் வெச்சா ஷட்டர் 50-ல (1/50 செகண்ட்) வைங்க, நம்ம ஊரு கரண்டு 50 ஹெர்ட்ஸ், வேற நம்பர் வெச்சீங்கன்னா மலிவு பல்பு எல்லாம் ஃப்ரேம்ல கோடு கோடா ஓடும்.

பாத்திரம் பித்தளை, வெண்கலம், ஈயச்சொம்பு. எவர்சில்வர் டம்ளர் ஒண்ணு கூட உள்ள வரக்கூடாது. சுவத்துல சுவிட்ச்போர்டு இருந்தா அது மேல காலண்டரை மாட்டுங்க. இதுல ஒரு வேடிக்கை, 1942-க்கும் 2026-க்கும் கிழமை எல்லாம் ஒண்ணே தான், ரெண்டும் வியாழக்கிழமை ஆரம்பிச்ச வருஷம், அதனால கட்டம் போட்ட இந்த வருஷ காலண்டரைப் பாத்து அப்படியே டிசைன் பண்ணலாம், பண்டிகைத் தேதியை மட்டும் மாத்தணும்.

இன்னொண்ணு. பீரியட் படம்னாலே ஓட்டைக் காலணாவைக் காட்டணும்னு எல்லாருக்கும் ஒரு ஆசை. அது வந்ததே 1943-ல. உங்க கதையில ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட சாதாரண காலணா தான் வரணும். பழைய நாணயம் விக்கிறவங்ககிட்ட தேஞ்சு போனது மலிவா கிடைக்கும், தேஞ்சது தான் நமக்கும் நல்லது.

கடைசி ஷாட்ல ரயிலைக் காட்டணும்னு தோணும். வேணாம். ரயில்வே அனுமதி, கட்டணம்னு அலைய முடியாது, போனாலும் நிக்கிறது மின்சார எஞ்சின். நீராவி எஞ்சின் சத்தத்தைப் போட்டு, பெட்டி மேல உக்காந்திருக்கிற பாட்டி முகத்துல ஒரு வெளிச்சத்தைக் கடத்திவிடுங்க. லைட்டை கையில பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் ஓடினா போதும்.

60 ஆயிரத்தை எப்படிப் பிரிக்கிறது? நாங்க 15 பேர், மூணு ராத்திரி ஷூட்டிங்.

முதல்ல சாப்பாடு. சிரிக்காதீங்க, காசு வாங்காம வேலை பாக்குற பசங்களுக்கு நல்ல சோறாவது போடணும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 250-ன்னா மொத்தம் 11,250. ஆர்ட், காஸ்ட்யூம் ரெண்டுக்கும் சேத்து 20 ஆயிரம். போக்குவரத்து 8 ஆயிரம். சவுண்டுக்கு 8 ஆயிரம், இதுல யாரும் கை வெக்கக்கூடாது. 6 ஆயிரத்தை கவர்ல போட்டு, கஞ்சத்தனமா செலவு பண்ற ஒரு ஃப்ரெண்டுகிட்ட குடுத்து வைங்க, ஏதாவது உடையும், எவனுக்காவது காய்ச்சல் வரும், அதுக்கு. மிச்சம் 6,750 வீட்டுக்காரருக்கும் அவங்க கரண்டு பில்லுக்கும். கேமராவை காலேஜ்லயோ சீனியர்கிட்டயோ வாங்குங்க. வாடகை கேமராவுல 20 ஆயிரம் போட்டுட்டு ஹீரோவுக்கு பாலியஸ்டர் வேட்டி கட்டிவிட்ட படம் நிறைய பாத்தாச்சு.

வீடு தேடுறப்போ செட்டிநாட்டு பெரிய வீடுன்னு போகாதீங்க, அந்தத் தூணையும் ஆத்தங்குடி டைல்ஸையும் ஜனங்க ஆயிரம் படத்துல பாத்தாச்சு, வாடகையும் கட்டுப்படியாகாது. பழைய மிஷன் ஸ்கூல், மூடிக்கிடக்கிற ரைஸ்மில், அம்பாசமுத்திரம் கல்லிடைக்குறிச்சி பக்கம் அக்ரஹாரத்துல பூட்டிக்கிடக்கிற வீடு, இப்படிக் கேட்டுப் பாருங்க. காரைக்குடிக்குப் போறதா இருந்தா முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்க இருக்கு, விலைக்கு வாங்காதீங்க, ரெண்டு மூணு நாள் வாடகைக்குத் தருவீங்களான்னு கேளுங்க, அட்வான்ஸ் வாங்கிட்டு சில பேர் தருவாங்க.

என் படம் 1975 எமர்ஜென்சி சமயம், ஒரு சின்ன பிரிண்டிங் பிரஸ்ல நடக்குது. போர்டு, நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி எடுத்துக்கலாமா? (மதுரை வாசகி)

எடுத்துக்கலாம் தங்கச்சி, ஆனா எழுத்தைப் பாத்து. எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-ல. அதுக்கு முன்னாடி ணை, லை, ளை, னை நாலுக்கும் முன்னால யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு இருக்கும், ணா, றா, னாவுக்கும் கால் தனியா நிக்காது, எழுத்தோடயே சுழிச்சிருக்கும். 'விற்பனை நிலையம்'னு ஒரே ஒரு போர்டு வெச்சாலே ரெண்டு எழுத்துல மாட்டிக்குவீங்க. பழைய வடிவம் இருக்கிற ஃபான்ட் கிடைக்குது, இல்லன்னா போர்டு எழுதுற பெரியவர் யாரையாவது பிடிச்சு கையால எழுத வைங்க, அது இன்னும் அழகு. எதுக்கும் பழைய பத்திரிகைகளைப் பாத்துடுங்க. சென்னையில கன்னிமாரா நூலகம், தரமணியில ரோஜா முத்தையா நூலகம், போக முடியலன்னா தமிழ் மின்நூலகத்துல வீட்ல இருந்தே பாக்கலாம். கதையைப் படிக்காதீங்க, விளம்பரத்தைப் படிங்க. சோப்பு என்ன விலை, ஆளு எப்படி வகிடு எடுத்திருக்கான், எல்லாம் அதுல தான் இருக்கு.

கவர் மேல முகவரி வந்தா 1975-க்கு பின்கோடு இருக்கலாம், அது 1972 ஆகஸ்ட் 15-லயே வந்தாச்சு. ஆனா உங்க கதை ஜூன் மாசம்னா மொட்டைமாடியில டி.வி. ஆன்டெனா வரக்கூடாது, மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பிச்சதே 1975 ஆகஸ்ட் 15-ல தான்.

காஸ்ட்யூம் எல்லாம் சரியா இருந்தும் எங்க ஹீரோயின் 1940கள்ல இருக்கிற மாதிரியே தெரியல. ஏன்?

புருவம். த்ரெடிங் பண்ணின புருவத்தோட யாரு நடிச்சாலும் போன வாரம் கல்யாணத்துக்குப் போன மாதிரி தான் இருக்கும். நடிக்கிற பொண்ணுகிட்ட ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லி வெக்கணும், புருவத்தைத் தொடாத, முடியை ஸ்ட்ரெய்ட்டன் பண்ணாதன்னு. ஸ்டிக்கர் பொட்டும் வேணாம், குங்குமம் இல்ல சாந்து. ஆம்பளைப் பசங்களுக்கு அந்த ஃபேட் கட்டிங்கும் ட்ரிம் பண்ணின தாடியும் தான் எமன். புடவையை வாங்கினதும் நாலு தடவை துவைச்சு வெயில்ல போடுங்க, புதுத் துணி கேமராவுல கத்தும்.

செபியா டோன் (பழுப்பு நிறம்), கோடு கோடா ஸ்க்ராட்ச் எல்லாம் போட்டா பழைய ஃபீல் வருமா?

வராது. 1942-ல இருந்தவங்களும் உலகத்தைக் கலர்ல தான் பாத்தாங்க.

80ஸ் கதைன்னா ஈஸி தானே? 1983 வேர்ல்ட் கப் அன்னிக்கு நடக்கிற காமெடி ஒண்ணு வெச்சிருக்கேன்.

அது தான் ரொம்பக் கஷ்டம். 1806-ல தப்பு பண்ணினா ஒரு ப்ரொஃபசர் தான் கண்டுபிடிப்பார், 1983-ல பண்ணினா உங்க அப்பா, சித்தப்பா, டீக்கடைக்காரர் எல்லாரும் கண்டுபிடிப்பாங்க. ஃபைனல் ஜூன் 25. தெருவுல மாருதி கார் நின்னா போச்சு, முதல் மாருதி 800 வந்ததே அந்த வருஷம் டிசம்பர்ல. ஸ்கூட்டர் நம்பர் பிளேட்ல டி.என். 01-ன்னு இருக்கக்கூடாது, அந்த முறை எல்லாம் 1989-க்கு அப்புறம். கலர் ஒளிபரப்பு 1982-ல ஆரம்பிச்சாலும் நடுத்தர வீட்ல கறுப்பு வெள்ளை டி.வி. தான். தெருவையே தவிர்த்துட்டு ஒரு வீட்டு ஹால்ல ரேடியோ கமெண்டரியோட எடுங்க, கமெண்டரியை நீங்களே எழுதி, குரல் நல்லா இருக்கிற ஃப்ரெண்டைப் பேச வெச்சு, ரேடியோ மாதிரி ஃபில்டர் போட்டுடுங்க, ஒரிஜினலைத் தூக்கிப் போட்டா யூடியூப்ல காப்பிரைட் க்ளெய்ம் வரும்.

பழைய சினிமா பாட்டு பின்னணியில ஓடலாமா? ரொம்பப் பழசு தானே, யாரு கேக்கப்போறா?

கேப்பாங்க. ஒலிப்பதிவுக்கு வெளிவந்து 60 வருஷம் காப்பிரைட், பாட்டு எழுதினவர், மெட்டுப் போட்டவர் உரிமை தனி, அது அவங்க இறந்து 60 வருஷம் வரைக்கும். ரெக்கார்டு பழசாகியும் பாட்டு பழசாகாம இருக்கும். பாரதியார் பாட்டு பொதுச்சொத்து, 1949-லயே அரசாங்கம் உரிமையை வாங்கி அப்புறம் பொதுவுல விட்டாச்சு, வரியைத் தாராளமா எடுத்துக்கலாம், ஆனா சினிமாவுல பிரபலமான மெட்டு வேற யாரோடதாவது இருக்கும், அதனால சொந்தமா மெட்டுப் போடுங்க. இசைக்கருவி கூட வேணாம், அடுப்படியில ஒரு அம்மா வேலை செஞ்சுக்கிட்டே ரெண்டு வரி முணுமுணுத்தா போதும். அதை ஸ்பாட்லயே ரெக்கார்ட் பண்ணிடுங்க, ஃப்ரிட்ஜ், இன்வெர்டர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு. ஃப்ரிட்ஜை மறுபடி ஆன் பண்ண மறந்துடாம இருக்க வண்டிச் சாவியை அதுக்குள்ள போட்டு வைங்க, கிளம்புறப்போ தேடித் தானே ஆகணும்.