இளைப்பாறுவது சோம்பலா?

கேள்வி: வாரத்தில் ஆறு நாள் வேலைக்குச் செல்கிறேன். இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலை ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திவிட்டு ஆராதனைக்குப் போகிறேன். பிற்பகலில் பாடகர் குழுப் பயிற்சி, மாலையில் ஜெபக்கூட்டம். இரவு 11 மணிக்கு வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனத்துக்குள் கண் சொருகிவிடுகிறது. எப்போதாவது பகலில் சற்றுப் படுத்தாலும், கர்த்தருக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தைத் தூங்கிக் கழிக்கிறேனோ என்று மனம் குத்துகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, நேர அட்டவணையைத் திருத்துவதற்கு முன் அந்த மனக்குத்தலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓய்வைக் குற்றமாக எண்ணுகிறவருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தாலும், அதையும் ஏதாவது ஒரு வேலையால் நிரப்பிவிடுவார்.

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் சொல்லும் காரணம், தேவன் ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5ஆம் அதிகாரமோ வேறொரு காரணம் சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், கர்த்தர் உன்னை அங்கிருந்து புறப்படப்பண்ணினார், அதை நினை. செங்கல் கணக்குக் குறையாமல் கொடுக்க வேண்டியிருந்த அடிமைக்கு ஓய்வுநாள் ஏது? வேலையைக் கீழே வைக்க முடிவதே விடுதலை பெற்றவனின் அடையாளம். யாத்திராகமம் 34:21 இன்னும் ஒரு படி மேலே போய், விதைப்புக்காலத்திலும் அறுப்புக்காலத்திலும்கூட ஓய்ந்திருக்கச் சொல்கிறது. முற்றிய கதிர் வயலில் நிற்க, இன்று அறுக்காவிட்டால் நாளை என்ன ஆகுமோ என்ற பயம் நெஞ்சில் இருக்க, அரிவாளை எடுக்காமல் இருப்பது விசுவாசம் இல்லாமல் முடியாது. வேலையெல்லாம் முடிந்த பிறகு ஓய்வெடுக்கலாம் என்று நாம் காத்திருக்கிறோம்; கட்டளையோ வேலை முடிந்ததா என்று கேட்கவே இல்லை.

எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள் என்ற நீதிமொழி உங்கள் நினைவுக்கு வரலாம். அது படுக்கையை விட்டு எழ மனமில்லாத சோம்பேறிக்குச் சொன்னது. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாளும் ஓடுகிற ஒருவரின் மேல் அதைச் சுமத்துவது வசனத்துக்கும் நியாயமல்ல, அவருக்கும் நியாயமல்ல. உங்களுக்கான வசனம் சங்கீதம் 127இல் இருக்கிறது: "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்."

இனி அன்றாட ஒழுங்குக்கு வருவோம். ஆதியாகமம் முதல் அதிகாரம் நாளை எண்ணும்போது, "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று மாலையை முன்வைத்தே எண்ணுகிறது. நீங்களும் அப்படியே நாளை இரவிலிருந்து திட்டமிடுங்கள். வளர்ந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை, காலை 5.30க்கு எழ வேண்டுமானால் இரவு 10 மணிக்கெல்லாம் விளக்கை அணைத்துவிடுவது நல்லது. அப்படியானால் 11 மணி வேதவாசிப்பு இடம்பெயர்ந்தே ஆக வேண்டும். அதைக் காலையில் எழுந்ததும் 15 நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் உணவுக்கு உட்காருமுன் ஒரு சிறு ஜெபம், படுக்குமுன் பிள்ளைகளோடு ஒரு சங்கீதம். தானியேல் தினம் மூன்று வேளை ஜெபம்பண்ணினார். அரசுப் பொறுப்பு வகித்த அவருக்கும் வேலை குறைவாக இருந்திருக்காது. அதிகாலை ஜெபத்துக்கு, இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்ததைச் சொல்லும் மாற்கு 1:35ஐக் காட்டுகிறவர்கள் உண்டு. நல்லதுதான், ஆனால் அதே சுவிசேஷத்தின் 4ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் புயலின் நடுவே படகின் பின்பகுதியில் தலையணை வைத்து உறங்கினார் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

கடினமான பகுதி ஞாயிற்றுக்கிழமைதான். உங்களுக்கு வேறு விடுமுறை நாள் இல்லாததால், அந்த மூன்று பொறுப்புகளில் ஒன்றையாவது இறக்கிவைக்காமல் ஓய்வுக்கு இடமே கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து. காலைமுதல் மாலைவரை தனியே நியாயம் விசாரித்த மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ, நீர் செய்கிறது நல்லதல்ல, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்றார். மோசேயும் கேட்டுப் பொறுப்பைப் பகிர்ந்தார். உங்கள் போதகரிடம் நேரில் சென்று, பாடகர் குழுவிலிருந்து மூன்று மாதம் விலகியிருக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். காலத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால், கேட்பது உங்களுக்கும் எளிது, சம்மதிப்பது அவருக்கும் எளிது.

அப்படிக் கிடைக்கும் பிற்பகலைத் துணி துவைக்கவும் மறுநாள் சமையலுக்கு நறுக்கவும் விட்டுவிடாதீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவாகிய மன்னா, ஏழாம் நாளுக்கும் சேர்த்து ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்க்கப்பட்டதுபோல, அந்த வேலைகளைச் சனிக்கிழமை மாலையே வீட்டார் எல்லாரும் பகிர்ந்து முடிக்க வேண்டும். எல்லாரும் என்று அழுத்திச் சொல்கிறேன். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் "உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு" என்கிறது உபாகமம் 5:14. வீட்டில் மற்றவர்கள் ஆராதனை முடிந்து வந்து சாய்ந்துகொள்ள, ஒருவர் மட்டும் அடுப்படியில் நிற்கும் நாளை ஓய்வுநாள் என்று சொல்ல முடியாது. இந்த வசனத்தைக் குடும்ப ஜெபத்தில் எல்லாருமாக வாசித்துப் பேசுங்கள்.

இரண்டு மூன்று வாரம் நன்றாகத் தூங்கிய பிறகும் அசதி தீரவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே சோர்வைத் தரக்கூடியவை. அதை விசுவாசக் குறைவு என்று எண்ண வேண்டாம். சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தூதனும் அவரைத் திரும்பவும் உண்ணச் செய்தான். ஓரேப் மலையில் கர்த்தர் எலியாவோடு பேசியது அதற்குப் பிறகுதான்.